நடிகர்கள் வர்ற ஹாரர் எஸ்கேப் ரூம், பயந்த சுபாவம் உள்ள தங்கச்சிய கூட்டிட்டு போகலாமா?

எங்க செட்ல அஞ்சு பேரு ஹாரர் எஸ்கேப் ரூம் போகலாம்னு இருக்கோம், அதான் ஒரு ரூமுக்குள்ள போய் புதிர கண்டுபிடிச்சு பூட்ட திறந்து குறிச்ச நேரத்துக்குள்ள வெளிய வர்ற விளையாட்டு, கூட பேய் பயமும். சாதா பூட்டு திறக்குற ரூம் ரெண்டு மூணு போயிருக்கோம், ஆனா இதுல உள்ள ஆளுங்களே பேய் வேஷத்துல வருவாங்களாம். தங்கச்சியும் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா, கரண்ட் போனாலே என் கைய புடிச்சுக்குற ஆளு அவ. தொடுவாங்களா, துரத்துவாங்களா, முடியலன்னா பாதில வெளிய வரலாமா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்

பதில்:
தாராளமா கூட்டிட்டு போங்க ப்ரோ, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி பேசிடுங்க. நிறைய இடத்துல பயத்துக்கு லெவல் இருக்கும், லைட் லெவல்ல கிட்ட வருவாங்க தொட மாட்டாங்க, மேல போகப்போக கால புடிச்சு இழுக்குறது, ஒருத்தர மட்டும் தனியா கொண்டுபோய் அடைக்கிறது எல்லாம் உண்டு. தங்கச்சிய மட்டும் தொட வேணாம்னு சொல்ல முடியுமான்னு கேளுங்க. சேஃப் வேர்டு ஒண்ணு சொல்லித் தருவாங்க, அத சொன்னா நடிகர் அந்த நிமிஷமே நிறுத்திடணும். யாருக்காவது வலிப்பு, இதயப் பிரச்சன இருந்தா வேணாம், வெட்டி வெட்டி எரியுற லைட்டும் புகையும் இருக்கும்

பதில்:
நான் போனப்ப நாலு நம்பர் பூட்டு என் கையில, விடையும் தெரியும். பின்னாடி தரையில கால இழுத்து இழுத்து யாரோ வர்ற சத்தம், அப்புறம் கழுத்துகிட்ட மூச்சுக்காத்து. சக்கரத்த திருப்புறேன், விரல் நடுங்கி 7ல நிக்காம 8க்கு தாண்டிடுது, மூணு தடவ இப்படியே. கடைசில ஃப்ரெண்டு தான் பூட்ட வாங்கி திறந்தா. அதனால ஒருத்தர் மாட்டிக்கிட்டா உடனே அடுத்தவங்க வாங்கிக்கணும், கண்டுபிடிச்சத கத்தி சொல்லணும், 60 நிமிஷம் ஓடுறதே தெரியாது. இன்னொண்ணு, எங்கள்ல ஒருத்தன் பதட்டத்துல கைய வீசி நடிகர் உதட்டுல பட்டுருச்சு, எங்களுக்கு மனசே ஆறல. அவங்களும் வேலைக்கு வந்த மனுசங்க தானே, கை கட்டுப்பாட்டுல இருக்கட்டும்

பதில்:
பேய விடுங்க, கதவ பத்தி கேளுங்க. 2019 ஜனவரில போலந்துல கோசலின்ங்கிற ஊர்ல எஸ்கேப் ரூம்ல தீப்பிடிச்சு 15 வயசு பொண்ணுங்க 5 பேரு செத்துப் போனாங்க, கார்பன் மோனாக்சைடு புகை, வெளிய வர வழியில்ல. எனக்கு அத படிச்சதுல இருந்து உள்ள நுழைஞ்சதும் கண்ணு வெளிய போற வழிய தான் தேடும். காந்தப் பூட்டுன்னா கரண்ட் போனா தானா விட்டுடும், அது நல்லது. சாவி போட்டு வெளியில பூட்டுறாங்கன்னா நான் போக மாட்டேன், நீங்களும் போகாதீங்க

கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இப்ப தான் போன் பண்ணேன். தங்கச்சிக்கு மட்டும் தொடாத லெவல் ஓகேனு சொல்லிட்டாங்க, கதவுக்கு உள்ளயே அவசர பட்டன் இருக்காம், அமுக்குனா திறந்துக்குமாம். கேமரால ஒருத்தர் முழு நேரமும் பாத்துட்டே இருப்பாராம். சனிக்கிழமைக்கு புக் பண்ணியாச்சு, டார்ச்ச அவ கையில தான் குடுக்கப் போறேன்