அப்பாவின் பழைய திஸ்கிப் பக்கங்கள்: யுனிகோடுக்கு மாற்றினால் ‘இ’ மட்டும் காணாமல் போகிறது

மடைக்கரை எழுதியது:

வணக்கம். என் அப்பா 2001 முதல் 2003 வரை ஓர் இலவச இணைய இடத்தில் பக்கம் வைத்து, இன்றைய யுனிகோடு பரவும் முன் தமிழுக்கு இருந்த திஸ்கிக் குறியீட்டில் எழுதிவந்தார். எங்கள் ஊர்க் குளங்கள், மடை திறக்கிற முறை, பிசான நெல் அறுப்பு என்று மொத்தம் 38 கட்டுரைகள். அந்தச் சேவையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரும் பழுதாகி எடைக்குப் போய்விட்டது. வருகிற தையில் அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. அதற்குள் எல்லாவற்றையும் சின்னப் புத்தகமாக அச்சடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற ஆவணகத்தில் பக்கங்கள் கிடைத்தன. திறந்தால் தமிழைக் காணோம். முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து, நடுநடுவே சென்ட் குறி. பிரவுசரிலிருந்து காப்பி எடுத்து, யுனிகோடாக்கும் மாற்றியில் போட்டதும் தமிழ் வந்தது. ஆனால் 2001 கட்டுரைகளில் “இந்த” எல்லாம் “ந்த”, “இருந்தது” எல்லாம் “ருந்தது”. 2003 பக்கங்களில் இந்தக் குறை இல்லை. எதனால் என்று யாராவது சொல்லுங்களேன்.

குமரித்தம்பி:

அக்கா, 38 கட்டுரைதானே? பார்த்துப் பார்த்துக் கையால் ‘இ’ சேர்த்துவிடுங்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

பழைய அஞ்சல்:

தம்பி, அதைச் செய்ய வேண்டாம். “ருந்தது” கண்ணில் படும், திருத்திவிடலாம். “இவரை” என்பது “வரை” என்றும், “இமை” என்பது “மை” என்றும் ஆகியிருந்தால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. அப்பா எழுதியது ஒன்று, புத்தகத்தில் வருவது வேறொன்று என்று ஆகிவிடும்.

அம்மா, உங்களுக்கு நடந்தது இதுதான். திஸ்கியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 127 வரை ஆங்கிலம், அதற்கு மேல் தமிழ். ஆரம்பத்தில் ‘இ’யை 173ஆம் இடத்தில் வைத்தார்கள். பிரவுசர் எடுத்துக்கொண்ட மேற்கத்தியக் குறியீட்டில் அந்த 173 கண்ணுக்குத் தெரியாத கோடு. வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும். அதனால் திரையிலும் காப்பியிலும் ‘இ’ விழுங்கப்பட்டது. இந்தத் தொல்லை தெரிந்த பிறகு திஸ்கியின் 1.7 வடிவில் 254ஆம் இடத்திலும் ‘இ’யை வைத்தார்கள். அப்பா பிற்பாடு புதிய எழுத்துருவுக்கு மாறியிருப்பார், 2003 பக்கங்கள் தப்பித்தன.

அப்பா எழுதிய ‘இ’ அழியவில்லை, மூலக் கோப்பில் அப்படியே இருக்கும். பிரவுசரிலிருந்து காப்பி எடுப்பதை நிறுத்துங்கள். வேபேக் முகவரியில் 14 இலக்கத் தேதி வருமே, அதை ஒட்டி இடைவெளி விடாமல் ‘ஐ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஓர் அடிக்கோடும் சேர்த்துத் திறங்கள். ஆவணகம் தன் பட்டையைச் சேர்க்காமல் மூலத்தைத் தரும். அதைச் சேமித்து முதலில் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அப்புறம் பைட் அளவில், அதாவது கோப்பில் உள்ள எண்களிலேயே, 173 எல்லாவற்றையும் 254 ஆக்குங்கள், பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. லினக்ஸ் இருந்தால் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், நேரே யுனிகோடாக மாற்றித் தரும்.

நிரல்மேடு:

ஒரு எச்சரிக்கை. எழுத்துக்கு எழுத்து ‘ரீப்ளேஸ்’ போட்டு நீங்களே மாற்றப் பார்க்காதீர்கள். திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான், கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோடில் மெய் முதலில். நான் தெரியாமல் மாற்றி, “பெயர்” என்ற சொல் வந்த இடமெல்லாம் கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு நின்றது. மூலத்தின் மேலேயே சேமித்ததால் என் கல்லூரிக் காலக் கவிதைகளில் பாதி போயே போய்விட்டது. நகல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மடைக்கரை:

ஐயா, வந்துவிட்டது! அக்கா பையன் உட்கார்ந்து செய்து கொடுத்தான். “இந்த வருஷம் இரண்டாம் மடை வரைக்கும் தண்ணீர் ஏறியது” என்று முழு வரியாக இருக்கிறது. 38இல் 35 சரி. மூன்று பக்கங்களை ஆவணகம் எடுக்கவே இல்லை.

இன்னொரு சந்தேகம். அப்பாவின் பக்கத்தில் வாசகர்கள் எழுதிப்போகும் விருந்தினர் ஏட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அது மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகவே நிற்கிறது.

பழைய அஞ்சல்:

அது பாமினி என்ற பழைய எழுத்துரு. அந்தக் காலத்தில் ஈழத்தவர் பலரும் அதில்தான் தட்டினார்கள். அரைப்புள்ளி விசைதான் அதில் மெய்யின் புள்ளி. என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ சுரதாவின் மாற்றியிலோ பாமினி என்று தேர்ந்தெடுத்துப் போடுங்கள். அந்தக் கடிதத்தையும் புத்தகத்தில் சேருங்கள் அம்மா. எழுத்துரு இறக்கி, செட்டிங் மாற்றி, டயல்-அப்பில் காத்திருந்து ஒருவர் எழுதியது அது.

மடைக்கரை:

மாற்றிவிட்டேன் ஐயா. இரணைமடுக் குளத்தில் சின்ன வயதில் நீந்தியதை எழுதியிருக்கிறார், கடைசியில் அப்பாவை “அண்ணை” என்று கூப்பிட்டு ஒரு கேள்வி. அப்பா பதில் போட்டாரா என்று தெரியவில்லை. காணாமல் போன மூன்று பக்கங்களில் ஒன்றின் தலைப்பு “இரணைமடுவுக்கு ஒரு பதில்”. தை வரை பொறுக்க முடியாது, இன்று இரவே அப்பாவிடம் கேட்கப்போகிறேன்.