பதவியில் இருக்கும் ஜனாதிபதியைப் பாராளுமன்றம் நீக்க முடியுமா? எப்போது?

துளசி_உயர்தரம்:
வணக்கம். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையில் இலங்கை ஜனாதிபதியைப் பதவி நீக்க வழி இருக்கிறது என்று படித்தோம். அப்படியென்றால் 2022இல் நாடே வீதிக்கு வந்தபோது பாராளுமன்றம் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? நாட்டை மோசமாக நடத்தினார் என்பது மட்டும் போதாதா? வகுப்பில் கேட்டால் "மூன்றில் இரண்டு வேண்டும்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாந்தன்77:
225 பேரில் 150 வாக்கு வேண்டும். 2020 தேர்தலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபயவின் கட்சியான பொதுஜன பெரமுனவுக்கே 145 ஆசனம். கணக்கு அங்கேயே முடிந்தது.

பழைய நிருபர்:
தங்கச்சி, 150 என்பது சரிதான், ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் தாண்ட வேண்டிய படிகள் இருக்கின்றன. 1991இல் குற்றவியல் பிரேரணை, அதாவது 38இன் கீழ் ஜனாதிபதியை நீக்கக் கோரும் பிரேரணை, வந்த நேரம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் வேலை பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காரணம். நிர்வாகம் சரியில்லை, விலை ஏறிவிட்டது என்பதெல்லாம் 38இல் இல்லை. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். அல்லது தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு சேர்ந்த துர்நடத்தை அல்லது ஊழல், ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றம் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். உடலாலோ மனதாலோ நிரந்தரமாக இயலாமல் போனாலும் நீக்கலாம். 2022 மே 17ஆம் திகதி எதிரணி உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்தது கோட்டாபய மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணை. அதை உடனே விவாதிக்க, சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தக் கேட்டார். 68க்கு 119 என்று தோற்றது. வென்றிருந்தாலும் அதனால் ஜனாதிபதியின் நாற்காலி ஆடியிருக்காது. அது வேறு, 38 வேறு.

அடுத்தது சபாநாயகர். குற்றச்சாட்டுகளை முழு விவரத்தோடு எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். 150 பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் சரி. 113 பேர் என்றால், இது விசாரிக்கத் தகுந்தது என்று சபாநாயகருக்குத் திருப்தி வர வேண்டும். இல்லாவிட்டால் சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்திலேயே ஏறாது. ஏறினால், மூன்றில் இரண்டு வாக்கு. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. அங்கே ஜனாதிபதி தன் பக்கத்தைச் சொல்லலாம். குற்றம் உண்டு என்று நீதிமன்றம் அறிக்கை தந்தால் மறுபடியும் மூன்றில் இரண்டு வாக்கு. அதற்குப் பிறகுதான் பதவி போகும்.

இப்போது 1991. ஜனாதிபதி பிரேமதாச. லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்று அவருடைய ஐக்கிய தேசியக் கட்சியின் பெரிய தலைகளே எதிர்க்கட்சியோடு சேர்ந்து கையெழுத்துத் திரட்டினார்கள். ஆகஸ்ட் கடைசியில் சபாநாயகர் எம்.எச்.முஹம்மத் அறிவித்தலை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பிறகு பாராளுமன்றத்தைக் கலைக்க அன்றைய சட்டம் விடவில்லை. ஆனால் கூட்டத்தொடரை ஒத்திவைக்கத் தடை இல்லை. பிரேமதாச அதைச் செய்தார், செப்டெம்பர் 24 வரைக்கும்.

அந்த வாரங்களில் எங்கள் மேசையில் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கிடந்தது. போட்டார் என்று உறுதியானவருக்குப் பென்சிலால் சரி, சந்தேகம் என்றால் ஒரு கேள்விக்குறி. காலையில் சரி விழுந்த பெயரை மாலையில் அழிரப்பரால் தேய்ப்போம். சில வரிகளில் கடதாசியே மெலிந்துவிட்டது. ஒக்டோபரில் செல்லுபடியாகும் கையெழுத்துகள் போதாது என்று சபாநாயகர் பிரேரணையை நிராகரித்தார். ஒரு நீதிபதிகூட அந்தக் குற்றச்சாட்டுகளைக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவை உண்மையா பொய்யா என்பது வேறு விடயம். விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

அதைவிட மோசமானது பின்னால் நடந்தது. கிளர்ச்சி செய்தவர்களைக் கட்சி நீக்கியது. கட்சி நீக்கினால் 99(13)ஆம் உறுப்புரைப்படி ஆசனமும் போய்விடும். வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் நீக்கம் செல்லும் என்றது. யோசித்துப் பாருங்கள், ஜனாதிபதியே கட்சித் தலைவராகவும் இருந்தால், தனக்கு எதிராகக் கையெழுத்து வைக்கிறவரின் ஆசனம் அவர் கையில்தான் இருக்கிறது. இந்தப் பயத்தை எந்த எண்ணிக்கையாலும் அளக்க முடியாது.

துளசி_உயர்தரம்:
ஐயா, மிக்க நன்றி. பாராளுமன்றத்தால் முடியாவிட்டால் நீதிமன்றத்துக்கு நேராகப் போக முடியாதா?

சட்டத்தரணி_மட்டுநகர்:
பதவியில் இருக்கும்வரை 35ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குக் கவசம். குற்ற வழக்கும் இல்லை, சிவில் வழக்கும் இல்லை. 2015இல் வந்த 19ஆவது திருத்தம் ஒரு சாளரத்தைத் திறந்தது: அவர் உத்தியோகபூர்வமாகச் செய்ததை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு போடலாம். 2018இல் அன்றைய ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்களும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது அந்த வழியால்தான். கலைப்பு செல்லாமல் போனது, ஆனால் அவர் பதவியில் தொடர்ந்தார்.

இறங்கிய பிறகு கதை வேறு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய உள்ளிட்டவர்கள் பொறுப்பு என்ற தீர்ப்பும் வந்தது.

நிலாந்தன்77:
அப்படியென்றால் 2022இல் கோட்டாபய போனது எந்தக் கணக்கில் வரும்?

பழைய நிருபர்:
இராஜினாமா கணக்கில், தம்பி. ஜூலை 13 மாலைதீவுக்குப் போனார், 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து சபாநாயகருக்குக் கடிதம். பிறகு 40ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றம் தன் உறுப்பினர்களுக்குள் ஒருவரைத் தெரிந்தது. ஜூலை 20இல் 134 வாக்கோடு ரணில் வந்தார், மிச்சமிருந்த காலத்துக்கு மட்டும். இலங்கையில் இதுவரை எந்த ஜனாதிபதியும் 38ஆல் நீக்கப்படவில்லை.

தங்கச்சி, பரீட்சையில் கருத்துக் கேட்டால் என் கருத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டைக் குறைக்க வேண்டாம், மக்கள் வாக்கால் வந்தவரை இலேசாகத் தூக்கக் கூடாது. ஆனால் சபாநாயகர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒத்திவைப்புக்கும் பூட்டுப் போட வேண்டும். கையெழுத்து வைத்ததற்காக யாருடைய ஆசனமும் போகக் கூடாது. இன்றைக்கு ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம். சொந்தக் கட்சிக்காரர் துணியாமல் 38 அசையவே அசையாது. அவர்கள் துணிவதற்கு இந்த இரண்டு பாதுகாப்பும் வேண்டும்.