இமயத்துப் பனி 2035-இல் மறையும் என்றது தவறு என்றால், மற்றதெல்லாம்?

கரூர் மீனா:

எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வயது 71. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாதவனுக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவார். அப்படிப்பட்டவர் இப்போது தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அனுப்புகிறார்: புவி வெப்பமாகிறது என்பது வெள்ளைக்காரன் கட்டிய கதை, நம் அனல்மின் நிலையங்களை மூட வைக்கும் சூழ்ச்சி, இன்னும் என்னென்னவோ.

போன ஞாயிறு தங்கையின் வளைகாப்பு. பந்தியில் என் பக்கத்து இலை அவருடையது. "இமயமலைப் பனி 2035-க்குள் காணாமல் போய்விடும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் எழுதினார்கள். பிறகு தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தெரியுமா அம்மா உனக்கு? நோபல் பரிசு வாங்கியவர்களின் லட்சணம் இது" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ரசத்துக்கு இலையைக் குழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால், அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரைத் தோற்கடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என்னைக் கணக்கில் தேற வைத்தவர் அவர்தான்.

சந்தேகி:

பெரியப்பா சரியாகத்தான் சொல்கிறார். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கை, வெப்ப உயர்வின் விளைவுகளைப் பேசும் இரண்டாம் பணிக்குழுவின் தொகுதி, ஆசியா பற்றிய அத்தியாயம். எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரைனா, இமயத்துப் பனி இயல்புக்கு மீறிய வேகத்தில் பின்வாங்கவில்லை என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினார். ஜெய்ராம் ரமேஷ் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்து வெளியிட்டது அது. ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதை 'வூடூ விஞ்ஞானம்', அதாவது மாந்திரீகம் என்றார். இரண்டே மாதத்தில் அவருடைய அமைப்பே வருத்தம் தெரிவித்தது. இப்போது சொல்லுங்கள், அறிவியலை மறுத்தவர் யார்?

மூங்கில்கோல்:

மீனா, நான் விஞ்ஞானி அல்ல. ஆய்வு மாணவனாகச் சேர்ந்து பாதியில் விட்டவன். இப்போது திண்டுக்கல்லில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு கோடைக்காலம் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பக்கம், சோட்டா ஷிக்ரி பனியாற்றின் மேல் மூங்கில் நட்டிருக்கிறேன். (பத்திரிகைகள் பனிப்பாறை என்று எழுதுகின்றன. அது மெதுவாக ஓடுகிறது என்பதால் பனியாறு என்றே எனக்கு வருகிறது.)

சந்தேகி பச்சௌரி பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பேச்சு ஆணவம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ரைனாவும் பனி வளர்கிறது என்று எழுதவில்லை, பின்வாங்குவது அசாதாரணம் அல்ல என்றுதான் எழுதினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தவறு பெரியப்பா நினைப்பதைவிட மோசமானது. 1996-இல் ரஷ்ய அறிஞர் கோட்லியாகோவ், துருவங்களுக்கு வெளியே உலகம் முழுவதும் உள்ள பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சமாகச் சுருங்கலாம் என்று ஒரு மதிப்பீடு எழுதினார். அவர் சொன்ன ஆண்டு 2350. அதே 5 லட்சமும் ஒரு லட்சமும் ஐ.பி.சி.சி. பத்தியில் இமயமலைக்கு மட்டும் உரியதாக வந்து உட்கார்ந்தன, 2035 என்ற ஆண்டோடு. இமயத்தில் இருப்பதே சுமார் 33,000 சதுர கிலோமீட்டர்தான்! கிணற்றிலிருந்து ஓர் ஏரித் தண்ணீர் வற்றும் என்று எழுதிய கதை. 2035 எங்கிருந்து வந்தது? 1999-இல் ஒரு பத்திரிகைப் பேட்டி, அதை எடுத்தாண்ட, டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை ஒன்று 2005-இல், அதை எடுத்தாண்ட ஐ.பி.சி.சி. பத்தி 2007-இல். சக ஆய்வாளர்கள் சரிபார்த்த ஆய்வுக்கட்டுரை ஒன்றுகூட இந்தச் சங்கிலியில் கிடையாது.

அதே பகுதியில் ஓர் அட்டவணையும் உண்டு. உத்தராகண்டின் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்கு 135.2 மீட்டர் என்று அதில் இருக்கிறது. இதைப் பெரியப்பாவிடம் கொடுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள். வகுத்துப் பார்க்கட்டும்.

இத்தனையையும் துருவிக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதைத்தான் வாட்ஸ்அப் செய்தி விட்டுவிடுகிறது. கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரஹாம் காக்லி, ஆஸ்திரியாவின் கேயோர்க் காசர், இன்னும் இருவர். எல்லோரும் பனி ஆய்வாளர்கள். காசர் அதே 2007 அறிக்கையின் முதல் பணிக்குழுவில் ஆசிரியர். பனியை அளப்பவர்கள் எழுதிய அந்த முதல் தொகுதியில் 2035 என்ற பேச்சே கிடையாது. இரண்டாம் தொகுதி 938 பக்கம். அதில் ஒரு பத்தியில் இருந்தது இந்தக் கோளாறு. 2010 ஜனவரி 20 அன்று ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. தாமதம்தான். காசர் 2006-லேயே எச்சரித்ததாகச் சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை.

அந்தப் பத்தியை முதலில் படித்தபோது எங்கள் கூடாரத்தில் எல்லோரும் சிரித்தோம். ஏன் என்று சொல்கிறேன். கங்கோத்ரி பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். அதன் நுனி கோமுகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் பின்வாங்குகிறது. இந்த வேகத்தில் அது எப்படி 28 ஆண்டில் தீரும்? ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நுனியை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. கோமுகம் வெறும் வாய். வயிறு மேலே கிடக்கிறது. வாய் வற்றுவது வேறு, வயிறு வற்றுவது வேறு. கல்லும் மண்ணும் மூடிய நுனி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அதன் பின்னால் பனி மெலிந்துகொண்டே போகும்.

அந்த வயிற்றை அளக்கத்தான் மூங்கில். சோட்டா ஷிக்ரிக்குப் போக, சந்திரா ஆற்றைக் கம்பியில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்து கடக்க வேண்டும். எனக்கு இரண்டு முறையும் கண் மூடியேதான். பிறகு ஏற்றம். இரண்டு மீட்டர் மூங்கில் துண்டுகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, நீராவியால் பனியில் துளையிட்டு உள்ளே இறக்குவோம். அடுத்த ஆண்டு போய், எவ்வளவு வெளியே நிற்கிறது என்று நாடாவால் அளப்போம். அவ்வளவுதான் விஞ்ஞானம். கீழ்ப்பகுதியில் நான் நட்ட கோல் ஒன்று மறு ஆண்டு என் தலைக்கு மேல் நின்றது. மேலே, பனி சேரும் இடத்தில், குழி தோண்டி எவ்வளவு சேர்ந்தது என்று எடை போட வேண்டும். வரவு, செலவு இரண்டையும் கழித்தால் இருப்பு. 2002 முதல் அங்கே இந்தக் கணக்குப் புத்தகம் எழுதப்படுகிறது. சில ஆண்டுகள் வரவு, பெரும்பாலான ஆண்டுகள் செலவு.

சந்தேகி:

மூங்கில் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பனியாற்றை வைத்து இமயத்தையே சொல்ல முடியுமா? இமயத்துக்கு வடமேற்கே காரகோர மலைத்தொடரில் பனி வளர்வதாக நானே படித்திருக்கிறேன். அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

மூங்கில்கோல்:

பேசாமல் இருந்தால் நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? 2005-இல் கென்னத் ஹெவிட் என்ற பனி ஆய்வாளர் எழுதினார். 'காரகோர முரண்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் பனிப்பொழிவு அங்கே அதிகம், கோடையும் அவ்வளவு சுடவில்லை என்பது ஒரு விளக்கம்.

முதல் கேள்வி நியாயமானது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பிற்பாடு பொதுவுக்கு வந்தன. சோவியத் ஏவுகணையைத் தேடி எடுத்த படத்தில் நம் மலையும் விழுந்திருக்கிறது. அவற்றைக் கொண்டு 2019-இல் ஜோஷுவா மௌரர் குழுவினர் இமயம் நெடுக 2,000 கிலோமீட்டரில் 650 பனியாறுகளை அளந்தார்கள். 1975 முதல் 2000 வரை, பனி உருகி நீரானால் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற கணக்கில், ஆண்டுக்குச் சராசரி 22 சென்டிமீட்டர் இழப்பு. 2000 முதல் 2016 வரை 43. இதில் 2035 வராது. நூற்றாண்டின் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் பேச்சு. காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் 2019-இல் சொன்னது: வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு பனி 2100-க்குள் போகும்.

தறிக்காரன்:

மீனா, இந்த இழையின் இணைப்பைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிடாதீர்கள். கணக்கு வாத்தியாருக்குக் கட்டுரை அனுப்பினால் எழுத்துப்பிழை பார்த்துத் திருப்பி அனுப்புவார். கேள்வித்தாளாக அனுப்புங்கள்.

கரூர் மீனா:

தறிக்காரன் சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "பெரியப்பா, ஒரு வகுத்தல் கணக்கு" என்று பிண்டாரியை மட்டும் கொடுத்தேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 2840-ஐ 121-ஆல் வகுத்தார். 23.47. "135 எப்படி வரும்?" என்று முகம் சுளித்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்து ஆறிப்போனது. கடைசியில் 21-ஆல் வகுத்து, 135.24 என்று எழுதி வட்டம் போட்டார். "மடையன், நூறை விட்டுவிட்டான் அம்மா. 121-க்குப் பதில் 21."

அதன் பிறகுதான் காக்லி, காசர் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சூழ்ச்சி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார் என நினைக்காதீர்கள். அமெரிக்கா தன் புகையை முதலில் குறைக்கட்டும் என்றார், அதில் எனக்கும் மறுப்பில்லை. காலைச் செய்தியும் நிற்கவில்லை. ஆனால் இன்று வந்ததன் கீழே, "வழிமுறை காட்டப்படவில்லை" என்று அவரே எழுதியிருந்தார்.

மூங்கில்கோல் அவர்களே, அவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: நட்ட மூங்கிலே பனியோடு கீழே நகர்ந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?