புதுப்பிப்பு: ஹிஜாபோடு உள்ளே போய்விட்டேன்

மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன்: மருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள், ஹிஜாபைக் கழற்றினால்தான் உள்ளே விடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார் என்று. பதில் எழுதியவர்களுக்கு நன்றி. துஆ (பிரார்த்தனை) செய்தவர்களுக்குத் தனியாக.

"எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. வாயால் கேட்டபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள், கடிதம் போனதும் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர்கள் பயம் துணி இல்லை, அதில் குத்தும் குண்டூசி! ஒரு ஊசி மருந்துக்குள் விழுந்தால் அந்த பேட்ச் முழுக்க வீண். நியாயமான பயம்தான். அதைச் சொல்லாமல் "கழற்று" என்றதுதான் வலித்தது.

ஊசியே வேண்டாத, தலைவழியாக மாட்டும் ஹிஜாபைக் கொண்டுபோனேன். நுனியைக் கோட்டுக்குள் செருகி, மேலே அவர்கள் தரும் தொப்பியைப் போட்டேன். பாதுகாப்பு அதிகாரி குனியச் சொன்னார், தலையை வேகமாகத் திருப்பச் சொன்னார். ஒரு நுனிகூட வெளியே வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சட்டம் கேட்டவர்களுக்கு: அது நாட்டுக்கு நாடு வேறு. ஹிஜாபால் வேலை மறுக்கப்பட்ட பெண்ணுக்காக அபர்கிராம்பி என்ற துணிக்கடை நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், விண்ணப்பித்தவர் வாய்விட்டுச் சலுகை கேட்டிருக்க வேண்டியதில்லை என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2017இல், எல்லா மத, அரசியல் அடையாளங்களையும் ஒன்றுபோலத் தடுக்கும் நிறுவன விதி நேரடிப் பாகுபாடு ஆகாது என்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு இடைவேளை இன்னும் முடிவாகவில்லை. திங்கட்கிழமை அதற்கும் கடிதம் கொடுக்கிறேன்.