விளக்கு எரியும் முன்பே ஈ எழுந்துவிடுகிறது: இதை எதிர்நோக்கல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஹெப்பாள் மாணவன்:
எதிர்நோக்கும் அமைப்பு எது என்பதற்குக் கோட்பாட்டு உயிரியலாளர் ராபர்ட் ரோசன் 1985-இல் சொன்ன வரையறையை வைத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். தன்னையோ சூழலையோ பற்றிய ஒரு மாதிரி அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறகு நடக்கப்போவதாக அது காட்டுவதற்கேற்ப அமைப்பு இப்போதே நிலை மாற வேண்டும். பழ ஈ, 25 டிகிரி, 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. விளக்கு எரியும் முன்பே நடமாட்டம் ஏறுகிறது. ஆனால் உடலின் உள்கடிகாரத்தை ஓட்டும் மரபணு வேலை செய்யாத பீரியட்-ஜீரோ ஈயிலும் அதே ஏற்றம் தெரிகிறது. நடமாட்டத்தை 30 நிமிடம் 30 நிமிடமாகத் தொகுத்து, மூன்று புள்ளி நகரும் சராசரி (ஒவ்வொரு அரை மணியையும் அதன் முன்னும் பின்னும் உள்ளதோடு சேர்த்துச் சராசரி) போட்டேன். எங்கே பிழை?

ஜக்கூர் கடிகாரம்:
சராசரியில்தான். விளக்கு எரிந்ததும் எந்த ஈயும் திடுக்கிட்டு ஓடும், பீரியட்-ஜீரோவும்கூட. நகரும் சராசரி அந்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை முந்தைய அரை மணிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். அதை நீக்கிவிட்டு 1 நிமிடப் பதிவைப் பாருங்கள். அப்போதும் ஏற்றம் இருந்தால் விளக்கை ஏற்றும் டைமரும் நடமாட்டத்தைப் பதியும் கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். டைமர் ஐந்து நிமிடம் முந்தினாலே போதும், திடுக்கிடல் எதிர்நோக்கலாக வேஷம் போடும்.

கணக்கு ஒவ்வொரு ஈக்கும் தனித்தனியாக: விளக்குக்கு முந்தைய 3 மணி நேர நடமாட்டத்தை, அதே விளக்குக்கு முந்தைய 6 மணி நேர நடமாட்டத்தால் வகுங்கள். 0.5 என்றால் ஏற்றமே இல்லை. 1-ஐ நெருங்கினால் நல்ல எதிர்நோக்கல். செத்த ஈயை முதலில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். ஆண் ஈ மட்டும் போடுங்கள். ஈயை அடைக்கும் 5 மி.மீ. குழாய்க்குள் கருவுற்ற பெண் ஈ முட்டையிட்டால், புழுக்கள் உள்ளே வைத்த உணவுக் கூழ்மமான அகாரைக் குடைந்து கூழாக்கிவிடும்.

மல்லேஸ்வரம் வாசகி:
ஈக்களை வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் வேறு நேரக்குறிப்பு நுழைகிறதா என்பதையும் பாருங்கள். விளக்கின் சூடு ஒன்று, தினமும் அதே நேரத்தில் கதவைத் திறப்பது இன்னொன்று. மதுரையில் உயிர்க்கடிகார ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிடம் கண்டது நினைவிருக்கும்: வெளிச்சமே எட்டாத இடத்தில் அடைத்த வௌவாலுக்கு, மற்ற வௌவால்கள் போய்வருவதே நேரத்தைச் சொல்லிவிட்டது.

கோட்பாட்டுக்கு வருவோம். நிகழ்வுக்கு முன் வினை வந்தது என்பது மட்டும் போதாது. நிகழ்வை எடுத்துவிடுங்கள், வினை அப்போதும் வர வேண்டும், வந்து தப்பாகவும் போக வேண்டும். சூட்டை அளந்து ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் எதிர்காலத்தைத் தப்பாகக் கணிக்க வழியே இல்லை, அது கணிப்பதே கிடையாது. 2008-இல் ஜப்பானியர்கள் பைசாரம் என்ற சளிப்பூஞ்சைக்கு ஒரு மணி இடைவெளியில் மூன்று முறை குளிர்ச்சியும் வறட்சியும் கொடுத்து நிறுத்தினார்கள். நான்காம் முறை எதுவும் கொடுக்காமலே, அந்த நேரம் வந்ததும் பூஞ்சை வேகம் குறைந்தது. ரோசன் கேட்கும் மாதிரி உள்ளே இருக்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட வீண் வினைதான் நல்ல தடயம்.

எதிர்நோக்குவதால் உயிருக்குப் பலன் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு 1998-இல் ஒளியில் உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியாவின் இனங்களைக் கலந்து வளர்த்து நடத்திய போட்டியைப் பாருங்கள். உள்கடிகாரத்தின் சுற்றுக்காலம் வெளியிலிருக்கும் ஒளி-இருள் சுழற்சிக்கு நெருக்கமாக இருந்த இனம் மற்றதை முந்தியது. தொடர் வெளிச்சத்தில் வளர்த்தபோது அந்த முந்துதல் இல்லை.

ஜக்கூர் கடிகாரம்:
சரியாகச் சொன்னீர்கள். நிகழ்வை எடுத்துவிடும் சோதனையை ஈயில் செய்ய, 12:12 சில நாள் ஓட்டிவிட்டு முழு இருட்டுக்கு மாற்றுங்கள். முதல் நாளிலேயே, விளக்கு வராத அந்தக் காலையிலும் சாதா ஈயின் நடமாட்டம் ஏறும், பீரியட்-ஜீரோவில் ஏறாது. முடிந்தால் பி.டி.எஃப். (கடிகார நரம்பு செல்கள் சேதி அனுப்பும் சிறு புரதம்) மரபணு இல்லாத இனத்தையும் சேருங்கள். அதன் செல்களில் கடிகாரம் உண்டு, காலை ஏற்றம் மட்டும் இருக்காது. கடிகாரம் இருந்தாலே எதிர்நோக்கல் வந்துவிடும் என்று வைவாவில் யாராவது மடக்கினால் இதைக் காட்டலாம்.

ஹெப்பாள் மாணவன்:
நன்றி சார், நன்றி மேடம். நடுவில் கரண்ட் போனால் அந்த நாளை மட்டும் விட்டுவிடலாமா?

ஜக்கூர் கடிகாரம்:
எப்போது போனது என்பதைப் பொறுத்தது. பகலில் போனால் அது இருட்டுத் துடிப்பு, உள்கடிகாரத்தின் கட்டம் முன்பின்னாக நகர்ந்திருக்கலாம். அந்தத் தொகுதியையே திரும்ப 12:12-இல் வைத்து ஆரம்பியுங்கள். இரவில் போனால் வெப்பப் பதிவைப் பாருங்கள், 25 டிகிரியிலிருந்து விலகவில்லை என்றால் ஈக்கு எதுவும் தெரிந்திருக்காது. யு.பி.எஸ்.-இல் விளக்கு, டைமர், கம்ப்யூட்டர் மூன்றையும் போடுங்கள். டைமரை விட்டுவிட்டால் அது பின்தங்கிவிடும், பிறகு மேலே சொன்ன அதே நேரப் பிசகு.