42 வயதில் டைப்ரைட்டிங் ஹையர்: நீங்கள் பிடித்த இலக்கையும் விட்ட இலக்கையும் சொல்லுங்கள்

இங்கிலீஷ் ஹையர் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ் ஆகிவிட்டேன். வீட்டில் சொல்லி முடித்த கையோடு இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் போல இருக்கிறது. எனக்கு 42 வயது, கும்பகோணம் பக்கம், ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பிளஸ் டூ முடித்த வருஷமே முதல் படியான லோயர் முடித்துவிட்டேன். ஹையருக்குப் பணம் கட்டுவதற்குள் கல்யாணம், அப்புறம் இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது என்று வருஷங்கள் ஓடிவிட்டன. பரண் துடைக்கும்போது பழைய டைரிகள் கிடைத்தன. நாலு டைரியின் முதல் பக்கத்தில் "இந்த வருஷம் ஹையர்" என்று என் கையெழுத்து. ஆசை இருந்திருக்கிறது, வருஷா வருஷம் எழுதியும் இருக்கிறேன். ஆனால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

போன வருஷம் பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் மகளை இன்ஸ்டிடியூட்டில் சேர்க்கப் போனேன். முதல் நாள் ஏ எஸ் டி எஃப் தட்டுகிறாள், இடது சுண்டு விரல் ஏ மேல் நிற்காமல் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. என்னை அறியாமல் போய் அந்த விரலைப் பிடித்து ஏ மேல் வைத்துவிட்டேன். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார், எழுபதைத் தொட்டவர். "நீ எந்த வருஷம் லோயர் முடிச்சம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "சர்டிபிகேட் இருக்குல்ல, நேரா ஹையர் எழுதலாம், நாளைக்குக் காலைல ஆறரைக்கு வா, மூணாவது மெஷின் சும்மாதான் கிடக்கு" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் அஞ்சாவது டைரியிலும் அதே வரிதான் இருந்திருக்கும். அவர் நேரமும் மெஷினும் சேர்த்துச் சொன்னதால் ராத்திரி வீட்டுக்காரரிடம் எனக்கும் நேரடியாகக் கேட்க முடிந்தது: காலையில் ஆறேகாலுக்கு நான் கிளம்பணும், இட்லி நீங்கதான் ஊத்தணும். அவர் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இத்தனை வருஷம் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன், ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், குறிப்பாகப் பெண்களுக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பரீட்சையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது, பிப்ரவரி, ஆகஸ்ட். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டு ஒரு வார்த்தைக் கணக்கு, ஆக ஸ்பீடு பேப்பரில் பத்து நிமிஷத்தில் 2250 தட்டு. கம்ப்யூட்டர் மாதிரி அழித்துவிட்டு மறுபடி அடிக்க முடியாது, விழுந்தது விழுந்ததுதான்.

ஏப்ரல் கடைசியில் சேர்ந்து ஆகஸ்டிலேயே எழுதினேன். ஃபெயில். நாலு வரி பாக்கி இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. மாஸ்டரிடம் போய் இன்னும் வேகம் வேண்டும் சார் என்றேன். என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "வேகம் இருக்கும்மா. நீ எங்க தடுமாறுறன்னு உனக்கே தெரியல. அதை எழுது" என்றார். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. தினம் ஒரு பாசேஜ், மொத்தம் எத்தனை தப்பு என்று எண்ணுவதோடு நிறுத்தாமல் எந்த நிமிஷத்தில், எந்த விரலில் என்று குறித்தேன். மூன்று வாரத்தில் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் மூன்று நிமிஷம் சுத்தமாக இருக்கிறது. நாலாவது நிமிஷத்தில் தோள் மேலே ஏறிவிடுகிறது, வலது சுண்டு விரலில் பலம் போய் 'பி' மங்கலாக விழுகிறது, அவசரத்தில் இரண்டு கட்டையை ஒன்றாகத் தட்டி, எழுத்துக் கம்பிகள் இரண்டும் நடுவில் மோதி நின்றுவிடுகின்றன, அதைக் கையால் பிரித்துவிடுவதற்குள் ஒரு வரி நேரம் போய்விடுகிறது. இன்னொன்று, திங்கட்கிழமைத் தாள்களில்தான் தப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடம் இருக்காது, ராத்திரி பத்தரை வரை பில், மறுநாள் விரல் மரத்துப்போய்க் கிடக்கும். ஆகவே திங்கட்கிழமை பாசேஜே கிடையாது, சுண்டு விரலுக்கு மட்டும் மெதுவாகப் பாடம் என்று மாற்றினோம். போகாமல் இருக்கவில்லை, வேலையைத்தான் குறைத்தேன். நவம்பரில் மழைக்கு இரண்டு நாள் தவிர ஒரு காலையும் விடவில்லை. மூணாவது மெஷின் காலியாக இருந்தால் மாஸ்டர் என் மகளிடம் "அம்மா எங்கே" என்று கேட்பார், அந்தக் கேள்விக்காகவே போன நாட்களும் உண்டு.

பரீட்சைக்கு முதல் நாள் மெஷின்களையெல்லாம் துணி சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி சென்டருக்குக் கொண்டுபோனார்கள். என் மெஷினுக்கு நானே எண்ணெய் விட்டு ரிப்பன் மாற்றினேன். ஹாலில் ஆரம்பி என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்குகிறோம், அதனால் முதல் வரி முடியப்போவதைச் சொல்லும் மெஷின் மணிகள் ஏறக்குறைய ஒன்றாகவே அடிக்கும். இரண்டாவது வரியில் கொஞ்சம் பிரியும், ஐந்தாவது வரிக்குள் ஆளுக்கொரு நேரத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். ஆகஸ்டில் பக்கத்துப் பெண்ணின் மணி எனக்கு முன்னால் அடிக்க அடிக்க அதைத் துரத்திக்கொண்டு போய்த்தான் கெட்டேன். இந்தத் தடவை நாலாவது நிமிஷம் என்று தோன்றியதும் தோளை இறக்கினேன், அவ்வளவுதான். கடைசி வரி முடித்துக் கையை எடுத்தபோது கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது.

சரி, என் கதை நீண்டுவிட்டது. பெரிய சாதனையாக இருக்க வேண்டும் என்றில்லை, உங்களுடையதைச் சொல்லுங்கள். நடக்காமல் போனதையும் சொல்லுங்கள்.

* * *

அக்கா, வாழ்த்துகள். அந்த நாலாவது நிமிஷத்தைப் படித்ததும் எனக்கு என் மூன்றாவது வாரம் ஞாபகம் வந்தது. கோயம்புத்தூர், வயது 51, மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். மூன்று வருஷத்துக்கு முன்னால் எச்பிஏ1சி என்கிற சர்க்கரை டெஸ்டில் 9.1 என்று வந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, நடக்கவும் சொன்னார். நான் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ என்று சபதம் போட்டேன், ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் முதல் நாளே மூன்று சுற்று, ஒரு சுற்று கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீட்டர் வரும். பதினெட்டாம் நாள் முட்டி வீங்கி நின்றுவிட்டேன். எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் மனசும் விட்டுவிட்டது.

அங்கே தினமும் எதிர்ப்பக்கமாக வரும் ஒரு பெரியவர் உண்டு, கையில் மஞ்சப்பை. ஒரு மாதம் கழித்து நான் மறுபடி போனபோது அவரே நிறுத்தி, "என்னங்க தம்பி, ஒரு மாசமா ஆளைக் காணோம்" என்றார். சொன்னேன். "எடை உங்க கையில இல்லீங்க, செருப்பு மாட்டுறது உங்க கையில இருக்குது. அத மட்டும் பண்ணுங்க" என்றார். அப்புறம் நான் எடை மெஷின் பக்கமே போகவில்லை. ஷிப்ட் எதுவானாலும், தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு சுற்று. நைட் ஷிப்ட் வாரத்தில் அது சாயங்காலம் நாலு மணியாக இருக்கும், பரவாயில்லை. எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாத சராசரியைக் காட்டும் டெஸ்ட், ஆகவே அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்த்தேன். 8.4, அப்புறம் 7.6, இப்போது 6.9. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்துதான் குறைத்திருக்கிறது, நடையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். பெரியவரை இன்றைக்கும் பார்க்கிறேன். பெயர் கேட்டதில்லை, கை மட்டும் தூக்கிக்கொள்வோம்.

* * *

மேலே இரண்டு பேரும் சொன்னதற்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன், நான் சைக்காலஜி படிக்கும் மாணவி. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள் இல்லையா, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் தகுந்த மாதிரி 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதிலேயே பார்த்தார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உதவியது. ஹாஸ்டலில் ஐந்து மணிக்கு எழுந்து படிப்பது என்று வைத்திருந்தேன், ஒரு நாள் தூங்கிவிட்டால் அந்த வாரத்தையே கைகழுவி விடுவேன். இப்போது மறுநாள் எழுந்துவிடுகிறேன்.

* * *

நான் ராஜபாளையம், தையல்காரி. என்னுடையது பண விஷயம். மிதி மெஷினில் பதினாறு வருஷம் தைத்து முட்டி போய்விட்டது, பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் கடன் இல்லாமல் வாங்க வேண்டும் என்று 2019-ல் தபால் ஆபீசில் ஆர்டி போட்டேன், மாதம் 1000, 60 மாதம். பதினைந்தாம் தேதிக்குள் ஆரம்பித்த கணக்குக்கு மாதா மாதம் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், எனக்கு மாதத்துக்கு 10 ரூபாய். நாலு மாதம் விட்டால் கணக்கு நின்றுபோகும், அப்புறம் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர் கொடுக்கலாம். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஆரம்பித்தேன், ஏனென்றால் என் வருமானம் தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதம் என்று ஏறி இறங்கும்.

2022 ஜூனில் பையனுக்குக் காலேஜ் பீஸ், அந்த மாதமும் அடுத்த மாதமும் கட்டவில்லை. முன்னாடி சீட்டில் இப்படி இரண்டு மாதம் தவறியபோது அசிங்கமாக இருக்கிறது என்று போகாமலே விட்டு, பாதியில் முடித்துக்கொண்டேன். இந்தத் தடவை ஆவணி முகூர்த்தத்துக்கு ரவிக்கை தைத்த காசை அப்படியே கொண்டுபோய் அபராதத்தோடு கட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்புக்கில் சீல் வைத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவில் 70 ஆயிரத்துக்கு மேல் வந்தது, மெஷின் இரண்டும் வாங்கி மீதியில் நல்ல டியூப் லைட் போட்டேன். இப்போது ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடுவதில்லை.

* * *

நான் விட்டதைச் சொல்கிறேன், அதையும் கேட்டீர்கள். குரூப் 2. ஆறு வருஷம், இரண்டு தடவை மெயின்ஸ் வரை. இரண்டாவது தடவை எழுதும் முன்பே ஒரு தாளில், இது கிடைக்காவிட்டால் இதோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று தேதி போட்டு எழுதி அண்ணனிடம் கொடுத்திருந்தேன். கிடைக்கவில்லை. ரிசல்ட் வந்த வாரம் இன்னொரு தடவை என்று வாய் வரைக்கும் வந்தது, அண்ணன் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். இப்போது திருச்சியில் ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீசில் இருக்கிறேன். வலி இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரிசல்ட் பார்த்த அன்றைக்கு நான் முடிவெடுத்திருந்தால் இன்னும் அதே ரூமில்தான் இருந்திருப்பேன். நிதானமாக இருக்கும்போதே, எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள், முக்கியமாகத் தம்பி தங்கைகளே.

* * *

எல்லாருடையதையும் படித்தேன். திருச்சித் தம்பி, உங்கள் தாளை இரண்டு தடவை படித்தேன், அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ராஜபாளையம் அக்கா, நானும் சீட்டில் அப்படித்தான் வெட்கப்பட்டு ஒன்றை விட்டேன், பாஸ்புக் வாங்கப் போகிறேன்.

அடுத்து என்ன என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: தமிழ் ஹையர். அதற்கு முன் தமிழ் லோயர் முடிக்க வேண்டும், ஆகஸ்டில் எழுதுகிறேன். விரலுக்கு எல்லாம் புதிது. யளனகப என்று ஆரம்பித்திருக்கிறோம், புள்ளியை முதலில் தட்டிவிட்டு அப்புறம் எழுத்தைத் தட்ட வேண்டும், கை மாறி மாறிப் போகிறது. நோட்டு புதிதாகப் போட்டாயிற்று. ஆறரை மணி, அதே மூணாவது மெஷின் கிடையாது, தமிழ் மெஷின் ஜன்னல் பக்கம் இருக்கிறது. மகள் இப்போது இங்கிலீஷ் லோயருக்குத் தட்டுகிறாள், மூணாவது மெஷினில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.