பல்கலைக்கழக அறக்கட்டளைச் சொற்பொழிவு: வெளியாள் போய் உட்காரலாமா?

திருவல்லிக்கேணி வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 52 வயது. படிப்பு ப்ளஸ் டூவோடு நின்றது. 26 வருஷமாக ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்கு ப்ரூஃப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் பிடிஎஃப் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் தாளில் எடுத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தினால்தான் எனக்குத் திருப்தி.

என்னிடம் வருவதில் பாதி பழைய ஆய்வு நூல்களின் மறுபதிப்பு. முன்னுரையைத் திறந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்ன அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவே இந்த நூல் என்று ஒரு வரி இருக்கும். சொர்ணம்மாள் அறக்கட்டளை என்ற பெயரைப் பல முறை பார்த்திருக்கிறேன். 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' என்பதில் நடுவில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவேன். போன மாதம்தான் திடீரென்று உறைத்தது. இதெல்லாம் முதலில் பேச்சு. ஏதோ ஓர் அரங்கில் சிலர் உட்கார்ந்து இதைக் காதால் கேட்டிருக்கிறார்கள். நான் அச்சில் கமா தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர்கள் வாய்ச்சொல்லாகக் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒன்றையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது.

இப்போது ஓர் அழைப்பிதழ் வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகம், காலை பத்தரை மணி, கல்வெட்டைப் பற்றிய அறக்கட்டளைப் பேச்சு. கீழே 'அனைவரும் வருக' என்று போட்டிருக்கிறது. அந்த 'அனைவரும்' என்பதில் நானும் சேர்த்தியா? அதுதான் கேள்வி.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) புத்தகக் கண்காட்சி பார்க்கப் போனேன். வாசலில் "யாரைப் பார்க்கணும்? எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். என் மேஜை மேல் இருக்கும் பேரகராதி, 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, சென்னைப் பல்கலைக்கழகம் போட்டதுதான். தினமும் அதைப் புரட்டுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் கடற்கரைச் சாலை வாசலை பஸ்ஸில் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை.

---

முன்னாள் ஆய்வாளன் எழுதியது:

அக்கா, தாராளமாகப் போங்கள். அழைப்பிதழில் 'அனைவரும்' என்றால் அனைவரும்தான். நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் முனைவர் பட்ட ஆய்வாளனாக இருந்தவன். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டதிலிருந்து ஃப்ளெக்ஸ் கட்டியது, தேநீர் ஊற்றியது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

அறக்கட்டளை என்பது ஒருவர் தன் தாய், தந்தை அல்லது ஆசிரியர் பெயரில் பல்கலைக்கழகத்திடம் ஒரு தொகையைக் கொடுத்து வைப்பது. முதலைத் தொடமாட்டார்கள். வட்டியில் சொற்பொழிவு நடக்கும். ஒரு லட்ச ரூபாய் வைத்தார்கள் என்று வையுங்கள். 6 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 6,000. பேச்சாளரின் பயணப்படி, மதிப்பூதியம், அழைப்பிதழ், பொன்னாடை, டீ எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். முப்பது நாற்பது வருஷம் முன்பு வைத்த தொகைகளுக்கு வட்டி இன்னும் குறைவு. அதனால் எங்கள் துறையில் மூன்று அறக்கட்டளைகளை ஒரே நாளில் சேர்த்து, காலையில் இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று நடத்துவோம். நிதியாண்டு முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாக வந்து குவியும். நீங்கள் தேடுவதானால் அந்த இரண்டு மாதமும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

நீங்கள் சொன்ன சொர்ணம்மாள் யார் தெரியுமா? தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளையின் தாயார். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சுமார் 25 ஆண்டு அங்கே பணியாற்றியவர் அவர். அம்மா பெயரில் சென்னை, அண்ணாமலை ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அறக்கட்டளை வைத்தார். அதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவர் வகுப்பறையோடு நிற்கவில்லை. கந்தகோட்டத்து மண்டபத்தில் ஐந்து ஆண்டு கந்தபுராண விரிவுரை செய்திருக்கிறார். கோயிலுக்கு வந்தவர்களும் கடை அடைத்துவிட்டு வந்தவர்களும் உட்கார்ந்து கேட்கிற இடம் அது. அப்படிப்பட்டவர் வைத்த அறக்கட்டளைக்கு வாசலில் எந்த டிபார்ட்மென்ட் என்று கேள்வி எழலாமா?

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டங்களில் முன் இரண்டு வரிசையில் பேராசிரியர்கள் இருப்பார்கள். பின்னால் முழுக்க முதுகலை மாணவர்கள், வகுப்பு ரத்து என்று கூட்டி வந்து உட்கார வைத்தவர்கள். வெளியிலிருந்து தானாக வந்த ஒரு முகம் தெரிந்தால் பேச்சாளரின் குரலே மாறிவிடும். நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கிய ஒரு பேராசிரியர், கடைசி வரிசையில் தையல் கடைக்காரர் ஒருவர் குறிப்பு எடுப்பதைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு ஒரு மணி நேரமும் அவரைப் பார்த்தேதான் பேசினார். கூட்டம் முடிந்ததும் தன் கையெழுத்துப் படியையே அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

---

மணிமாறன் எழுதியது:

ஆதார் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வாசலில் கேட்டால் துறையின் பெயர் சொல்ல வேண்டியதில்லை, அழைப்பிதழைக் காட்டினால் போதும். பத்தரை என்றால் பதினொன்றுக்குத்தான் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை என்று போய், சொற்பொழிவுக்கு வரவே முக்கால் மணி ஆகும், பொறுமையோடு போங்கள்.

ஒரு வேண்டுகோள். கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்துத் தன் சொந்தச் சொற்பொழிவை ஆரம்பிக்கும் வெளியாட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களால்தான் பல துறைகளில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

யாழ் வளவன் எழுதியது:

எங்கட பக்கத்திலை இதை நினைவுப் பேருரை எண்டு சொல்லுவம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை சேர் பொன். இராமநாதன் நினைவுப் பேருரை, கைலாசபதி கலையரங்கிலை நடக்கிற கூட்டங்கள் எண்டு போய்க் கேட்டு வளர்ந்தனான். இராமநாதன் 1921இலை தொடங்கின பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவிலைதான் 1974இலை பல்கலைக்கழக வளாகம் வந்தது. உள்ளுக்கை பரமேஸ்வரன் கோயில் இருக்கு. கோயிலுக்கு வாற சனத்துக்கு அந்த வளவு அந்நியம் இல்லை. அதாலை எங்கட அம்மாக்களுக்கு உங்கட தயக்கம் கொஞ்சம் குறைவு எண்டு நினைக்கிறன்.

பேருரையை விட நான் கண்காட்சிக்குத்தான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவன். ஓவிய மாணவர்கள் தங்கட படங்களை வைக்கேக்கை ஒருக்கா மாமியைக் கூட்டிக்கொண்டு போனன். எழுபது வயசு, தோட்டக்காரி. ஒரு படத்திலை கிணறும், தண்ணி இறைக்கிற துலாவும் (உங்கட ஏற்றம்). எல்லாரும் கடந்து போக, மாமி அதிலை நிண்டிட்டா. பிறகு வரைஞ்ச பிள்ளையைக் கூப்பிட்டு, "தங்கச்சி, இந்தத் துலாவிலை மிதிக்கிற ஆளைக் காணேல்லை. ஆள் ஏறி நடக்காமல் இவ்வளவு நீளத் துலா எப்பிடியம்மா எழும்பும்?" எண்டு கேட்டா. அந்தப் பிள்ளை துலா மிதிச்சதை ஒருநாளும் கண்டதில்லை. கொப்பியைத் திறந்து மாமியைக் கதைக்கச் சொல்லி முழுக்க எழுதினது. மாமி தன்ரை தகப்பன் துலாவிலை நடந்த நடையை அந்த மண்டபத்திலையே நடந்து காட்டினா.

நீங்கள் போங்கோ அக்கா. போட்டு வந்து எழுதுங்கோ.

---

திருவல்லிக்கேணி வாசகி எழுதியது:

போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி.

வாசலில் காவலர் அழைப்பிதழைப் பார்த்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக மனசில் கனத்துக் கிடந்தது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உள்ளே ஒரு வருகைத் தாள் சுற்றி வந்தது. பெயர், துறை, பதிவு எண், கையெழுத்து என்று நான்கு கட்டம். துறை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். பக்கத்தில் இருந்த பெண், "பொதுன்னு போடுங்க மேடம்" என்றாள். போட்டேன்.

பேச்சைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்று பேச்சாளர் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குறில் எகரம், நெடில் ஏகாரம் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ஒகரம், ஓகாரமும் அப்படியே. கல்லில் இருப்பது 'எரி'யா 'ஏரி'யா, 'கொடு'வா 'கோடு'வா என்பதை இடம் பார்த்து, முன்பின் சொல் பார்த்துப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கரும்பலகையில் ஒரே சொல்லைப் புள்ளி இல்லாமல் எழுதி, மூன்று விதமாகப் படித்துக் காட்டினார். ஒரு படிப்பில் அது நிலம், இன்னொன்றில் ஆள் பெயர். 26 வருஷமாக நான் ஒரு புள்ளி விடுபட்டுவிட்டால் அச்சகத்துக்கு போன் போடுகிறவள். புள்ளியே இல்லாத எழுத்தை ஒரு சமூகம் நூற்றாண்டுக் கணக்கில் தடுமாறாமல் படித்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி கேட்டேன். கை நடுங்கியது, ஆனால் கேட்டேன். "கல்வெட்டை நூலாகப் பதிப்பிக்கும்போது புள்ளியை நீங்கள் வைக்கிறீர்கள். கல்லில் இல்லை, நாங்கள் வைத்தோம் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?" மணிமாறன் சார், மூன்றே வரிதான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பதிப்பாசிரியர் நேர்மையாக இருந்தால் முன்னுரையில் சொல்லியிருப்பார், சந்தேகம் வந்தால் அச்சிட்ட நூலோடு நிற்காமல் மைப்படியைப் பார்க்க வேண்டும் என்றார். ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதுதான் மைப்படி. மேட்டில் மை பிடிக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். தொட்டுப் பார்க்கலாம் என்றார். பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் புடைப்பாகத் தட்டுப்படுகிறது. ஒரு ககரத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். வரிசையில் பின்னால் இருந்த மாணவிதான் "முடிஞ்சதா மேடம்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, பாதியில் விட்டிருந்த கல்வெட்டு நூலின் ப்ரூஃபை எடுத்தேன். நான் திருத்தியிருந்த இரண்டு இடங்களில் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. பென்சிலால் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இனி அடுத்த கேள்வி. மைப்படி எடுப்பதை நேரில் பார்க்க, முடிந்தால் கையால் செய்து பார்க்க, பொதுமக்களுக்குப் பயிற்சி எங்காவது நடக்கிறதா? சென்னையைச் சுற்றி இருந்தால் நல்லது. காஞ்சிபுரம் என்றாலும் வருவேன்.